பெர்னினா எக்ஸ்பிரஸ்: இருக்கை கையில் இருக்கிறது, டிக்கெட் இல்லையா?

காவிரிக்கரை (திருச்சி), ஏப்ரல் 6, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் முதல் வாரம் நாங்கள் ஐந்து பேர் சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், அப்பா (71), அம்மா (66). சூரிக்கில் மூன்று இரவு தங்கிவிட்டு, கூர் என்ற ஊரிலிருந்து பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற மலை ரயிலில் இத்தாலி எல்லை ஊரான திரானோ. அங்கிருந்து மிலான், ஃப்ளாரன்ஸ், ரோம்.

இந்தப் பயணமே அப்பாவுக்காகத்தான். பொன்மலை பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டி மலை ரயில் எஞ்சின்களில் கை வைத்தவர். ஆல்ப்ஸ் மலையில் பற்சக்கரமே இல்லாமல் ரயில் ஏறுகிறது என்று யாரோ சொல்ல, அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் கடைசியில் ஒரு முன்பதிவு இணையதளத்தில் ஐந்து இருக்கைகள் போட்டேன். பணம் போனது, மின்னஞ்சல் வந்தது. தேதி, பெட்டி எண், இருக்கை எண் எல்லாம் சரி. நிம்மதியாக இருந்துவிட்டேன். நேற்று கணவர் அதை உட்கார்ந்து படித்தபோதுதான் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: இது இருக்கை முன்பதிவு மட்டும், பயணச்சீட்டு தனியாக வைத்திருக்க வேண்டும்.

அப்போதிலிருந்து வயிற்றைப் பிசைகிறது. நம் ஊரில் பிஎன்ஆர் என்று ஒன்று வந்துவிட்டால் டிக்கெட், பெட்டி, படுக்கை எல்லாம் அதற்குள் அடக்கம். இருக்கை எண் இருக்கிறது, டிக்கெட் இல்லை என்றால் எனக்குப் புரியவே இல்லை. என்னை ஏமாற்றிவிட்டார்களா? இனி என்ன வாங்க வேண்டும்? பையனுக்கும் வாங்க வேண்டுமா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வடமராட்சியான் (சூரிச்), ஏப்ரல் 7, அதிகாலை 1.15

அக்கா, பயப்படாதேங்கோ. உங்களை ஒருவரும் ஏமாற்றவில்லை. விளங்கப்படுத்தாமல் விற்றுவிட்டார்கள், அவ்வளவுதான். இங்கே வருகிற கனபேர் இதே இடத்தில்தான் தடக்குப்படுகிறார்கள்.

சுவிஸில் ரிக்கற் என்பது தூரத்துக்கு. சூரிச்சிலிருந்து கூர் மட்டும் ஒரு ரிக்கற் எடுத்தால் அந்த நாளில் எந்த வண்டியிலும் ஏறலாம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும். 1982இலிருந்து இந்த நாட்டு ரயில்கள் மணிக்கு மணி அதே நிமிடத்தில் புறப்படுகிற மாதிரித்தான் நேர அட்டவணை. அதனாலே உள்நாட்டு வண்டியில் இருக்கை பதிகிற பழக்கமே எங்களுக்கு இல்லை. நான் இருபது வருடமாக இங்கே இருக்கிறேன், வேலைக்குப் போகிற வண்டியில் ஒருநாளும் பதிந்ததில்லை.

பெர்னினா எக்ஸ்பிரஸ், கிளேசியர் எக்ஸ்பிரஸ் மாதிரி பெரிய கண்ணாடி வைத்த சுற்றுலா வண்டிகள் மட்டும் வேறை. அவற்றில் ரிக்கற்றும் வேணும், அதுக்கு மேலே இருக்கைக்கும் காசு கட்ட வேணும். நீங்கள் இரண்டாவதைக் கட்டிவிட்டீர்கள். முதலாவது மிச்சம்.

சூரிச்சில் மூன்று இரவு என்றால் சுவிஸ் டிராவல் பாஸ் மூன்று நாள் எடுக்கிறது பற்றி யோசியுங்கோ. அந்த நாட்களில் ரயில், கப்பல் எல்லாத்துக்கும் அது ஒரே ரிக்கற். முதலாம் நாள் லுசேர்ன், றிகி மலை. இரண்டாம் நாள் ரைன் அருவி. மூன்றாம் நாள் பெர்னினா. றிகி மலை ரயிலும் லுசேர்ன் ஏரிக் கப்பலும் அந்தப் பாஸுக்குள் வரும். திரானோ இத்தாலிக்குள் இருந்தாலும் பெர்னினா பாதை முழுக்க, திரானோ மட்டும் பாஸ் செல்லும். அப்ப உங்களுக்குத் தேவையான ரிக்கற் அதுதான்.

தம்பிக்கு எட்டு வயது. தாயோ தகப்பனோ பாஸ் வைத்திருந்தால் ஆறு முதல் பதினைந்து வயது வரை பிள்ளைக்கு ஃபேமிலி கார்ட் இலவசம், அதுதான் அவருக்கு ரிக்கற். ஆனால் நீங்களாகக் கேட்டு எடுக்க வேணும். இருக்கைக் காசு பிள்ளைக்கும் உண்டு, அதை நீங்கள் ஏற்கெனவே கட்டியாச்சு.

நெய்தல் (சென்னை), ஏப்ரல் 7, காலை 8.05

எங்களுக்கு இதே கதை தலைகீழாக நடந்தது. போன வருஷம் ஜூலையில் போனோம். கையில் பாஸ் இருக்கிறது, எல்லா ரயிலிலும் ஏறலாம் என்று நினைத்துக்கொண்டு நேராக அந்தக் கண்ணாடிப் பெட்டியில் ஏறிவிட்டோம். இருக்கை எண் எங்கே என்று கேட்டார்கள். வண்டி நிறைந்திருந்தது. மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஆனால் இறங்க வேண்டியதாயிற்று.

அடுத்து வந்த சாதாரண ரயிலில் போனோம். அதே தண்டவாளம், அதே மலை. ஆனால் சென்ட் மொரிட்ஸில் மாறியபோது நல்ல கூட்டம். முழங்கால் வலியோடு இருந்த மாமியாருக்கு முதல் அரைமணி நேரம் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். அதனால் அந்த ஐந்து இருக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்க்காரன் (குன்னூர்), ஏப்ரல் 7, காலை 10.30

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். இருக்கைப் பணம் திரும்பி வரும் என்றால், வாங்கிவிட்டுச் சாதாரண வண்டியிலேயே போங்கள்.

காரணம் சொல்கிறேன். கண்ணாடிப் பெட்டியின் ஜன்னல் திறக்காது. உள்ளே வெளிச்சமாக இருந்தால் நம் சட்டையின் நிறமும் எதிரே இருப்பவர் முகமும் கண்ணாடியில் தெரியும், படம் எடுத்தால் அதுவும் சேர்ந்தே விழும். சாதாரண வண்டியில் பல பெட்டிகளில் ஜன்னலை இறக்கிவிடலாம். மலைக்காற்று முகத்தில் அடிக்கும், சக்கரம் வளைவில் தேய்கிற சத்தம் கேட்கும். பணிமனையில் வேலை பார்த்தவருக்கு அந்தச் சத்தம் முக்கியம் என்று நினைக்கிறேன். ஜூலை, ஆகஸ்டில் வானம் நன்றாக இருந்தால் கூரையே இல்லாத மஞ்சள் பெட்டியைச் சில வண்டிகளில் மாட்டுவார்கள்.

இன்னொன்று, சாதாரண வண்டியில் நினைத்த இடத்தில் இறங்கலாம். ஆல்ப் க்ரூம் என்று ஒரு ஸ்டேஷன், 2,091 மீட்டர். நடைமேடையில் நின்றால் எதிரே பாலூ பனிப்பாறை. ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம்.

அப்பா பொன்மலைக்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நம் நீலகிரி எஞ்சின் எக்ஸ் வகை. அதில் பழையவை எல்லாம் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் என்ற ஊரில் செய்தவை. 1871இல் ஆரம்பித்த எஸ்எல்எம் என்ற எஞ்சின் தொழிற்சாலை. தண்டவாள அகலம் இங்கேயும் அங்கேயும் ஒரு மீட்டர். நம் ரயில் ஊட்டியைத் தொட்டதும் பெர்னினா பாதையின் முதல் பகுதிகள் திறந்ததும் ஒரே 1908இல். நாம் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறுகிறோம், அதற்குத் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் (எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் இரும்புச் சட்டம்) வேண்டியிருக்கிறது. அவர்கள் பதினான்கு அடிக்கு ஓரடி, வெறும் சக்கரப் பிடிப்பில் ஏறுகிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் நாம் 2005, அவர்கள் 2008. அப்பாவிடம் சொல்லுங்கள், அவருக்கு இது சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது மாதிரி.

நெய்தல் (சென்னை), ஏப்ரல் 7, பகல் 12.20

அண்ணா, நீங்கள் சொல்லும் சுகம் எனக்கும் புரிகிறது. எங்கள் வண்டியில் நானும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் இவர்கள் பெட்டி படுக்கையோடு ஊர் மாறுகிறார்கள். 71 வயது அப்பா, 66 வயது அம்மா, ஒரு குழந்தை, நான்கு பெரிய சூட்கேஸாவது இருக்கும். வழியில் இறங்கி மாறுவது, ஏறியதும் இடம் தேடுவது, சூட்கேஸை வைக்க மூலை தேடுவது எல்லாம் இரண்டு இளைஞர்கள் போனால் சரி. கூட்டத்தில் பெற்றோர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு மலையை ரசிக்க முடியாது. நான் பட்டிருக்கிறேன்.

காவிரிக்கரை (திருச்சி), ஏப்ரல் 7, இரவு 10.10

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று ராத்திரி தூங்கவில்லை, இன்று தூங்குவேன்.

குன்னூர் அண்ணா, வின்டர்தூர் பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எதுவும் பேசாமல் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்து மறுபடி அவரே படித்தார். "எஸ்எல்எம் வின்டர்தூர்னு பித்தளைத் தகடு பார்த்திருக்கேன்" என்றார். அந்த ஊர் நாம் போகிற வழியில் வருமா என்று கேட்கிறார்.

இருக்கைகளை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டோம். அம்மாவால் நிற்க முடியாது. எங்கள் இருக்கைகளில் நான்கு ஒரே மேஜையைச் சுற்றி, ஐந்தாவது நடைபாதைக்கு அந்தப் பக்கம். எந்தப் பக்கம் நல்ல காட்சி என்று யாராவது சொல்ல முடியுமா?

வடமராட்சியான் (சூரிச்), ஏப்ரல் 8, அதிகாலை 12.50

கூரிலிருந்து போகேக்குள்ளே வலப்பக்கம், அக்கா. லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரம். வண்டி வலப்பக்கமாக வளைந்து நேரே மலைச்சுவரில் உள்ள குகைக்குள் நுழையும். வலப்பக்கம் இருந்தால் முன்பெட்டிகள் குகைக்குள் போவது தெரியும். மேலே லாகோ பியாங்கோ ஏரியும் வலப்பக்கம். கடைசியில் புரூசியோ வட்டப்பாலமும் அதே பக்கம். உங்கள் மேஜை இடப்பக்கம் என்றால் கவலைப்படாதேங்கோ, ஐந்தாவது இருக்கையை அப்பாவுக்குக் கொடுங்கோ.

அப்பா கேட்ட வின்டர்தூர் வழியில் வரும். ரைன் அருவிக்கு இரண்டு பாதை. வின்டர்தூர் வழியாகப் போகிற உள்ளூர் ரயிலைப் பாருங்கோ, அது ஷ்லோஸ் லாவ்ஃபன் என்ற சின்ன நிறுத்தத்தில் அருவிக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். பாஸ் இருக்கிறபடியால் வின்டர்தூரில் இறங்கி ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டு அடுத்த வண்டி எடுக்கலாம், புது ரிக்கற் தேவையில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன.

நேர அட்டவணையில் நாலு நிமிடம், ஆறு நிமிடம் என்று மாறுகிற நேரம் போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அதுக்கேற்ற மாதிரித்தான் அடுத்த வண்டியை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஆனால் கூரில் மட்டும் நேரத்தோடே போங்கோ. சாதாரண வண்டி போனால் அடுத்தது வரும், உங்கள் இருக்கை அந்த ஒரு வண்டிக்குத்தான். நடைமேடையில் ஏ, பி, சி, டி என்று பகுதி எழுதியிருக்கும்; உங்கள் பெட்டி எந்தப் பகுதியில் நிற்கும் என்று மேலே பலகையில் காட்டும். அங்கேயே போய் நில்லுங்கோ.

பயணப்பை (சிங்கப்பூர்), ஏப்ரல் 8, காலை 7.30

இரண்டு நாடு என்றால் யூரெயில் பாஸ் ஒன்றே போதுமே? ஒரே பாஸ், எல்லா ரயிலும்.

மிலானில் மதுரைக்காரன் (மிலான்), ஏப்ரல் 8, மாலை 4.45

இல்லை அண்ணா. இத்தாலியில் வேக ரயில் எல்லாவற்றிலும் இருக்கை கட்டாயம். யூரெயில் வைத்திருந்தாலும் ஒவ்வொரு வேக ரயிலுக்கும் தனியாக இருக்கைப் பணம் கட்ட வேண்டும். இவர்களுக்கு இத்தாலியில் மொத்தமே மூன்று ரயில். அதற்குப் பாஸ் எடுப்பது வீண். ஐந்து நாடு, பத்து ரயில் என்று சுற்றுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அக்கா, நான் இங்கே படிக்கிறேன். சுவிஸில் கற்றுக்கொண்டதை திரானோவில் இறங்கியதும் மறந்துவிடுங்கள். இத்தாலியில் கணக்கு வேறு, அதுவும் இரண்டு விதம்.

திரானோவிலிருந்து மிலானுக்கு ஓடுவது உள்ளூர் ரயில். இரண்டரை மணி நேரம். இருக்கை எண் கிடையாது, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். விலை என்றைக்கு வாங்கினாலும் ஒன்றுதான், அதனால் இப்போதே வாங்க வேண்டிய அவசியம் இல்லை. திரானோவில் சுவிஸ் ரயில் நிற்கும் ஸ்டேஷனும் இத்தாலிய ஸ்டேஷனும் பக்கத்துப் பக்கத்தில். நேரே போய் மிஷினில் வாங்கிவிட்டு முதல் ஆளாக ஏறுங்கள். வலது ஜன்னல் பிடித்தால் கோமோ ஏரி கூடவே வரும். கோடையில் இந்தப் பாதையில் பராமரிப்பு வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான விஷயம். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன மிஷினில் செருகி முத்திரை அடிக்க வேண்டும். தேதியும் நேரமும் அதில் விழுந்தால்தான் அது செல்லும். நான் வந்த முதல் மாதம், கையில் முழுப் பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட் இருந்தும், முத்திரை இல்லாததால் அபராதம் கட்டினேன். புதியவன் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு அது. போனில் வாங்கிய உள்ளூர் டிக்கெட் என்றால் ஏறும் முன் போனிலேயே செக்-இன் செய்யச் சொல்லும். வாங்கிவிட்டோம் என்று அப்படியே விட்டுவிடாதீர்கள்.

மிலான், ஃப்ளாரன்ஸ், ரோம் எல்லாம் வேக ரயில். ட்ரெனிடாலியா (அதன் வண்டி ஃப்ரெச்சாரொஸ்ஸா), இத்தாலோ என்று இரண்டு கம்பெனி. இங்கே நம் ஊர் மாதிரியே டிக்கெட்டோடு பெட்டி எண், இருக்கை எண் வந்துவிடும், முத்திரை எதுவும் வேண்டாம். ஆனால் தட்கால் கிடையாது. விமான டிக்கெட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். மலிவான டிக்கெட் என்றால் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. ஃப்ளாரன்ஸில் மியூசியத்துக்கு நேரம் போட்டிருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்து வண்டியை முடிவு செய்யுங்கள்.

காவிரிக்கரை (திருச்சி), ஏப்ரல் 9, இரவு 9.15

தம்பி, முத்திரை விஷயத்தைப் படித்ததும் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். ரொம்ப நன்றி.

மிலானிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு இன்று டிக்கெட் போட்டேன். ஐந்து பேருக்குத் தேடியபோது ஒரு விலை காட்டியது. மூன்று பேருக்குத் தேடினால் தலைக்கு அதைவிடக் குறைவு. அதனால் மூன்று, இரண்டு என்று பிரித்து வாங்கினேன். இப்போது மூன்று பேர் 4ஆம் பெட்டி, இரண்டு பேர் 7ஆம் பெட்டி. மிச்சம் பிடித்ததில் இப்படி ஆகிவிட்டது. அப்பா அம்மாவைத் தனிப் பெட்டியில் விட எனக்கு மனசில்லை.

இன்னொரு தொல்லை. என் கார்டு இரண்டு முறை மறுக்கப்பட்டது.

நெய்தல் (சென்னை), ஏப்ரல் 9, இரவு 10.00

கார்டு பிரச்சினை எளிது. 2020 மார்ச்சிலிருந்து புதிதாகக் கொடுக்கும் கார்டுகளில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் மூடித்தான் வரும், ரிசர்வ் வங்கி உத்தரவு. வங்கி ஆப்பில் போய் அதைத் திறந்து, தேவையான அளவுக்கு வரம்பு வையுங்கள். வேலை முடிந்ததும் மூடிவிடலாம். ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவில் கட்டுகிறீர்களா என்று எங்கே கேட்டாலும் யூரோ என்று சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விலை. ஓடிபி வருகிற சிம் அங்கே வேலை செய்ய வேண்டும், ரோமிங்கை இங்கேயே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்டி விஷயத்தில், நீங்களும் அம்மாவும் ஒரு பெட்டி, மற்ற மூன்று பேர் ஒரு பெட்டி என்று உட்காருங்கள். இரண்டு மணி நேரம்கூட இல்லை.

மிலானில் மதுரைக்காரன் (மிலான்), ஏப்ரல் 10, பகல் 1.30

அதேதான், ஆனால் ஒவ்வொரு குழுவிலும் அவரவர் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இருக்கட்டும். ஒருவர் போனில் ஐந்து பேர் டிக்கெட்டையும் வைத்துக்கொண்டு மூன்று பெட்டி தள்ளி உட்கார்ந்தால், பரிசோதகர் வரும்போது அம்மா தவித்துப் போவார்.

அடுத்து, ஸ்டேஷன் பலகையில் ஃப்ளாரன்ஸ் என்று தேடாதீர்கள். அந்த ஊர் இங்கே ஃபிரென்ட்ஸே. ரோம் ரோமா, வெனிஸ் வெனேட்ஸியா. அதைவிட முக்கியம், பலகையில் வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் இருக்கும். உங்கள் வண்டி ஃப்ளாரன்ஸில் நின்றாலும் பலகையில் நாப்பொலி என்றோ சலேர்னோ என்றோ போட்டிருக்கும். டிக்கெட்டில் உள்ள வண்டி எண்ணை வைத்துத் தேடுங்கள். நடைமேடை எண்ணும் கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் வரும். மிலானோ சென்ட்ராலேயில் மொத்தக் கூட்டமும் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும், எண் விழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்வார்கள். அம்மா அப்பாவை நடைமேடைக் கதவுக்குப் பக்கத்தில் முன்பே நிற்க வைத்துவிடுங்கள்.

அம்மாவுக்கு எதிர்த்திசையில் உட்கார்ந்தால் தலை சுற்றுமா? ஃப்ளாரன்ஸ் சான்டா மரியா நோவெல்லா முட்டுச் சந்து மாதிரியான ஸ்டேஷன், தண்டவாளம் அங்கே முடிந்துவிடும். தெற்கே தொடர்ந்து போகிற வண்டி வந்த வழியே பின்னோக்கிக் கிளம்பும். மிலானிலிருந்து இந்த ஸ்டேஷன் வழியாக ரோம் போகிறவர்கள் முன்பார்த்த இருக்கை என்று காசு கொடுத்து வாங்கினால் பாதி வழியில் அது பின்பார்த்ததாகிவிடும். நீங்கள் ஃப்ளாரன்ஸில் இறங்கிவிடுவதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

ஷோப்பெரோ என்று ஒரு வார்த்தை செய்தியிலோ பலகையிலோ பார்த்தால் வேலைநிறுத்தம் என்று அர்த்தம். முன்கூட்டியே தேதி அறிவிப்பார்கள். வார நாள் என்றால் உள்ளூர் ரயில்கள் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் ஓடியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. மற்ற நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

காவிரிக்கரை (திருச்சி), ஜூன் 19, மாலை 6.20

போய் வந்துவிட்டோம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இங்கே எழுதாமல் இருந்தால் மனசு ஆறாது.

வின்டர்தூரில் இறங்கினோம். ஸ்டேஷனை ஒட்டிப் பெரிய பெரிய செங்கல் கட்டடங்கள், உயரமான ஜன்னல்கள். எந்தக் கட்டடத்தில் நம் எஞ்சினைச் செய்தார்கள் என்று எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. அப்பா ஒரு சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பையன் என்ன தாத்தா என்று கேட்டான். "இங்க செஞ்சு கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க. நாப்பது அம்பது வருஷம் கழிச்சு அது என் கைக்கு வந்துச்சு" என்றார்.

கூருக்கு முக்கால் மணி நேரம் முன்பே போய்விட்டோம். பெட்டி நிற்கும் பகுதியில் நின்றதால் ஏறுவதில் சிரமமே இல்லை. பரிசோதகர் வந்து முதலில் கேட்டது பாஸ், அப்புறம்தான் இருக்கை. அந்த நேரத்தில் ஏப்ரல் 6 ராத்திரியை நினைத்துக்கொண்டேன். பாஸ் வாங்காமல் அந்த ஒரு காகிதத்தை மட்டும் நீட்டியிருந்தால் அப்பா முன்னால் எப்படி நின்றிருப்பேன்.

எங்கள் மேஜை இடப்பக்கம். வடமராட்சி அண்ணா சொன்னபடி ஐந்தாவது இருக்கையை அப்பாவுக்குக் கொடுத்தோம். பக்கத்தில் ஒரு ஜெர்மன் பாட்டி. பாஷை தெரியாது. லாண்ட்வாசர் பாலம் வந்ததும் அந்தப் பாட்டி அப்பாவின் தோளைத் தட்டி எழுப்பிக் காட்டினார், அதுவரை கண்ணயர்ந்திருந்தார். அதற்குப் பிறகு திரானோ வரை அப்பா கண்ணை மூடவில்லை.

உச்சியில் ஓஸ்பிட்ஸியோ பெர்னினா, 2,253 மீட்டர். ஊட்டி ஸ்டேஷன் இதைவிட ஐம்பது மீட்டர்தான் தாழ்வு என்று அப்பா சொன்னார். இங்கே யூகலிப்டஸ் வாசனை, அங்கே ஏரி ஓரத்தில் ஜூன் மாதத்திலும் பனித்தகடு கரையாமல் கிடக்கிறது. அங்கிருந்து திரானோவுக்கு 1,800 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. அப்பா தரையில் காலை அழுத்தி வைத்துக்கொண்டு பிரேக் பிடிப்பதைக் கவனித்துக்கொண்டே வந்தார். பற்சக்கரம் இல்லை, ஒரு உதறல் இல்லை என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். புரூசியோவில் ஒன்பது வளைவு வைத்த வட்டப்பாலத்தில் வண்டி சுற்றி இறங்கும்போது எங்கள் ரயிலின் வாலே ஜன்னலில் தெரிந்தது. பையன் கத்தியே விட்டான். திரானோவுக்குள் ரயில் கடைத்தெருவில் டிராம் மாதிரி கோயில் பக்கமாக ஊர்ந்து போகிறது.

குன்னூர் அண்ணா, நீங்கள் சொன்னதும் சரிதான். படங்களில் எல்லாம் என் மஞ்சள் சுடிதார் மலை மேலே மிதக்கிறது. சத்தமும் கேட்கவில்லை என்று அப்பாவுக்கு ஒரு குறை. ஆனால் அம்மா நான்கு மணி நேரத்துக்கு மேல் காலை நீட்டி உட்கார்ந்து வந்தார். மறுபடி போட வேண்டியிருந்தாலும் இதைத்தான் போடுவேன்.

மதுரைத் தம்பி, திரானோவில் முத்திரை அடித்தோம். பையன்தான் ஐந்து டிக்கெட்டையும் ஒவ்வொன்றாகச் செருகினான். மிலானில் எங்கள் வண்டிக்கு பலகையில் நாப்பொலி என்றே போட்டிருந்தது.

தேன்சிட்டு (கோவை), ஜூன் 20, காலை 9.00

படித்ததும் நெகிழ்ந்துவிட்டேன். நாங்கள் செப்டம்பரில் போகிறோம். பெர்னினா இருக்கையை எப்போது போட வேண்டும், எங்கே?

காவிரிக்கரை (திருச்சி), ஜூன் 20, பகல் 11.45

தேதி உறுதி என்றால் இப்போதே பாருங்கள். பெர்னினா வண்டியை ஓட்டுகிற ரேட்டியன் ரயில்வேயின் சொந்த இணையதளத்திலேயே பெட்டியின் படத்தைப் பார்த்து இருக்கையைத் தேர்ந்தெடுக்கலாம். நான் இடையில் வேறொரு தளத்துக்குப் போனதால்தான் வலப்பக்கம் கிடைக்கவில்லை. டிக்கெட்டும் சேர்த்து வேண்டுமா, இருக்கை மட்டும் போதுமா என்று ஒரு இடத்தில் தேர்வு செய்ய வேண்டும், அங்கே நிதானமாகப் படியுங்கள்.

குன்னூர் அண்ணா, அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். பெர்னினா பார்த்த பிறகு நம் மலை ரயிலில் ஒரு தடவை பயணியாகப் போக வேண்டுமாம். இத்தனை வருஷம் எஞ்சினுக்குக் கீழே படுத்தே பார்த்திருக்கிறார், டிக்கெட் வாங்கி உட்கார்ந்து போனதே இல்லையாம்.

குன்னூர்க்காரன் (குன்னூர்), ஜூன் 20, இரவு 8.30

கூட்டி வாருங்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டி. அறுபது நாள் முன்பே போட்டுவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். இதில் டிக்கெட்டும் இருக்கையும் ஒன்றுதான். ஜன்னலும் திறக்கும். குன்னூரில் நான் நடைமேடையில் நிற்கிறேன்.